மார்கரெட் கொண்டுவந்த வண்டு

செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த சின்ன விவசாய ஆபீஸில் பூச்சிகளைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் அந்த மண்டைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. மார்கரெட்டின் குடியைக் கெடுத்ததும் அதுதான்.

அவள் புதுப்பட்டினம் பக்கத்து மணல்மேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். காலங்காலமாக அடுத்தவன் வயலில் உழைத்த குடும்பத்துக்கு முதன்முதலாகக் கிடைத்த பட்டா நிலம். அதில் பதினொரு முந்திரி மரங்கள். ஒன்று மட்டும் மஞ்சளடித்துப் போயிருந்தது. கையில் பவுடர் டப்பா, உள்ளே ஒரு வண்டு.

"இது எங்கூட்டு சுவத்துல உக்காந்துகினு இருந்துச்சு சார். எங்கூட்டுக்காரரு அந்த மரத்த வேரோட வெட்டி எரிச்சிடலாம்னு சொல்றாரு. வெட்டவா?"

டப்பாவைத் திறந்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அலமாரியிலிருந்த பூச்சி மாதிரிப் பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு வண்டுக்கும் உடம்பைவிட நீளமான கொம்புகள். ஆனால் பெட்டியில் குத்தி வைத்திருந்தது செம்பழுப்பு. முந்திரியின் வேரைக் குடைவது. அவள் கொண்டுவந்தது சாம்பல் நிறம், முதுகில் மஞ்சள் புள்ளிகள், மாமரத்து ஆசாமி. லென்ஸை அவளிடமே கொடுத்துப் பார்க்கச் சொல்லி, பெரிய பாடமே நடத்தினேன்.

"இதனால முந்திரிக்கு ஒண்ணும் ஆகாதும்மா. காய்க்கிற மரத்த யாராவது வெட்டுவாங்களா? போய்த் தண்ணி ஊத்து."

வண்டைப் பற்றி நான் சொன்னதில் எள்ளளவும் தப்பில்லை. அவள் கேட்டதோ மரத்தைப் பற்றி. போய் அந்த மரத்தடியைக் கிளறிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. வெயில் வேறு.

இரண்டு வருஷம் கழித்து, மாமல்லபுரத்துக்கு வேறு வேலையாகப் போனபோதுதான் அவள் நிலத்தை எட்டிப் பார்த்தேன். பத்து மரங்கள் மொட்டையாக நின்றன. அந்த முதல் மரத்தின் அடிப்பட்டையை உரித்தால், உள்ளே விரல் நுழையும் துளைகள். அதிலிருந்து கிளம்பிய செம்பழுப்பு வண்டுகள் மற்ற மரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்திருக்கின்றன. அன்றைக்கே அதை எரித்திருந்தால் மற்றவை பிழைத்திருக்கும். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பதினோராவது மரம் மட்டும் பூத்திருந்தது. அதன் அடியிலும் பிசின் வடிந்து மரத்தூள் கொட்டிக் கிடந்தது.

"செத்த மரத்தக்கூட வெறகுக்கு வெட்ட நான் வுடல சார்" என்றாள் மார்கரெட். "ஆபீஸ்ல வாணாம்னு சொல்லிக்கீறாங்கன்னு அவராண்ட சண்ட போட்டேன். தண்ணி ஊத்திகினேதான் இருந்தேன். இப்ப இன்னா சார் பண்றது?"

"வெட்டிடும்மா."

"எத சார்?"

"எல்லாத்தையும்."

அவள் பூத்திருந்த மரத்தை ஒரு தரம் பார்த்தாள். கோடாலி எடுக்க வீட்டுக்குள் போனாள்.