குடுத்தது யாரு

இது என் வீட்டு மூக்கு, என்று நினைத்தாள், நினைத்தது யாருக்காவது கேட்டுவிட்டதோ என்று உடனே சுற்றிலும் பார்த்துக்கொண்டாள், தென்னந்தோப்புக்குள் போட்டிருந்த பந்தலில் ஆண்கள் தங்கள் சேவல்களைக் கைக்குழந்தைகளைப் போல இடுப்போடு அணைத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறார்கள், ஒலிபெருக்கியில் ஒருவர் வழியில் நிற்கும் வெள்ளை வேனை எடுக்கச் சொல்லிக் கெஞ்சிக் கெஞ்சிக் களைத்துப்போயிருந்தார், எதிரே முளைக்குச்சியில் காலைக் கட்டி நிறுத்தியிருந்த அந்தக் கீரிநிறச் சேவல் தலையைச் சாய்த்து அவளை ஒற்றைக் கண்ணால் பார்த்தது, கிளிக்கு இருப்பதைப் போலக் குட்டையாக வளைந்து இறங்கிய மூக்கு, அது நெற்றியில் போய்ச் சேருகிற இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மேடு, கண்காட்சிக்கு வந்திருந்த எத்தனையோ கிளிமூக்குச் சேவல்களில் வேறு எதற்கும் அந்த மேடு கிடையாது, ஊஞ்சக்காட்டுத் தோட்டத்தில், அவளுடைய தோட்டத்தில், செத்துப்போன கிழட்டுச் சேவலுக்கு இருந்தது, அதன் அப்பனுக்கு இருந்தது, சில குடும்பங்களில் எல்லாருக்கும் ஒரே காது வாய்த்துவிடுவதில்லையா, அப்படி. பக்கத்தில் அக்கா நிற்கிறாள், அக்காவின் கை அவள் முழங்கைக்குள் நுழைந்து பின்னிக்கொண்டிருக்கிறது, தேர்க்கூட்டத்தில் தங்கச்சி தொலைந்துவிடக் கூடாது என்று சின்ன வயதில் பிடிப்பாளே, அதே பிடி, என்ன அம்மிணி அப்படிப் பாக்கறே, நல்லாருக்குதா, என்று அக்கா கேட்கிறாள், நல்லாருக்குதுக்கா என்று இவள் சொல்கிறாள், சொல்லிவிட்டு, அக்கா அந்தச் சேவலைப் பார்க்கவே இல்லை, தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதைக் கவனித்தாள்.

போன வருஷம் இதே மாசிமாதம், மடியில் ஒரு வாளியோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள், வாளிக்குள் தவிடு, தவிட்டுக்குள் முட்டைகள், அவள் வளர்க்கிற கிளிமூக்குப் பெட்டைகளுக்கு உடம்பு கனம், அடைக்கு உட்கார்ந்தால் மிதித்து உடைத்துவிடும், அதனால் நாட்டுக்கோழியின் அடியில்தான் வைத்துப் பொரிக்க வேண்டும், அந்தப் பருவத்தில் அவள் வீட்டு நாட்டுக்கோழி ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை, கொண்டா அம்மிணி, எங்கூட்டுல ரெண்டு அடை கெடக்குது, கிட்டப் போனா கொத்த வருது என்று அக்கா போனில் சொன்னாள், ரெண்டு என்ற சொல் அப்போது அவள் காதில் விழவே இல்லை, இப்போதுதான், இந்தப் பந்தலில் நிற்கும்போதுதான் விழுகிறது. வேகத்தடை வரும்போதெல்லாம் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானும் எழும்புகிறாள், பக்கத்துச் சீட்டுப் பெண் குடுங்க கொஞ்ச நேரம் நான் வச்சுக்கறேன் என்கிறாள், கொடுக்கிறாள், இறங்கும்போது திரும்ப வாங்கிக்கொள்கிறாள், அக்கா வீட்டுச் சமையல்கட்டு மூலையில் ஒரு கூடை, கூடைக்குள் மணல், இடி இடித்தால் கரு கலங்கிப்போகும் என்று துருப்பிடித்த ஆணி ஒன்றையும் கரித்துண்டையும் வரமிளகாயையும் அக்காவே மணலில் புதைத்தாள், முட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி வாங்கி வைத்த அந்தக் கையை அவள் நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கா கைராசிக்காரி, அக்கா ஊன்றினால் காய்ந்த குச்சிகூடத் துளிர்க்கும். ஊருக்குத் திரும்பிய அதே வாரம் தோட்டத்தில் வெள்ளைக் கழிச்சல் வந்தது, சேவல் கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்தது, பெட்டைகளும் பின்னாலேயே போயின, குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடும்போது அவள் கணவன், உங்கக்கா ஊட்டுல வச்சது இருக்குதே, அதாவது பொழச்சுதுன்னு நெனச்சுக்க என்றார், அந்தக் கூடையில் இருப்பதுதான் இனி ஊஞ்சக்காட்டுக் கீரி வம்சம், அது போனால் எல்லாம் போயிற்று, என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

குஞ்சுகள் வந்தன, அக்கா தாய்க்கோழியோடு கூடையில் கட்டிக் கொடுத்தனுப்பினாள், ஒன்றுகூடக் கூமுட்டை ஆகவில்லை பாத்தியா என்று பெருமை வேறு, கருப்பும் பழுப்பும் சாம்பலுமாக முற்றமெல்லாம் ஓடின, அவள் தினமும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டைவிரலால் மூக்கைத் தடவிப் பார்ப்பாள், வளையும், இன்னும் கொஞ்சம் நாள் போகட்டும், வளையும், மூக்கு வளையவில்லை, கோணி ஊசி மாதிரி நேராக நீண்டுகொண்டே போனது, வாலும் விசிறியாக விரிய வேண்டியது குருவிவாலாகக் குத்திட்டு நின்றது, ஒரு நாள் காலையில் அவற்றுக்குக் கம்பு போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள், இதுகள் யார் வீட்டுக் குஞ்சுகள். முதலில் செத்துப்போன பெட்டைகளைச் சந்தேகப்பட்டாள், பக்கத்துத் தோட்டத்து நாட்டுச்சேவல் வேலியில் ஏறி நின்று கூவுவதை அவளே பார்த்திருக்கிறாள், கணவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார், கோழியப் போயி நடத்தை சரியில்லீங்கறயே, அதுவும் செத்த கோழிய, பாவம் புடிக்காதா உனக்கு. அந்தச் சிரிப்பு ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது என்று அன்று முழுக்க யோசித்தாள், முட்டை எடுத்து வைத்த தவிட்டு வாளி ஒரு பகல் முழுக்க வராந்தாவில் இருந்ததே, அன்றைக்கு அவரைத் தேடி ஒரு கோழித் தரகன் வந்தானே, டீ கொடுத்தாளே, டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனானே, ஏன் குடிக்கவில்லை, கணவனின் சட்டையைத் துவைக்கப் போடும்போது பைகளைத் தடவினாள், பீடிக்கட்டும் தீப்பெட்டியும் தவிர ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாததும் சந்தேகமாக இருந்தது. பிறகு பஸ்ஸில் வாளியை வாங்கி வைத்துக்கொண்ட பெண், அவள் முகம் ஞாபகத்திலேயே இல்லை, ஆனால் சந்தேகப்படச் சந்தேகப்பட அந்த முகம் தெளிந்துகொண்டே வந்தது, மூக்குத்தி முளைத்தது, லேசாக மாறுகண் வந்தது, சீலைக்கு அடியில் இன்னொரு வாளிகூட வந்துவிட்டது, உலகத்தில் இருக்கும் எல்லாரையும் சந்தேகப்பட்டு முடித்தாள், ஒரு ஆளைத் தவிர, அந்த ஒரு ஆளைச் சுற்றி அவள் மனம் கோலத்தை மிதிக்காமல் போகிறவளைப் போல ஒதுங்கி ஒதுங்கிப் போனது.

அக்கா வரச்சொல்வதை நிறுத்தியிருந்தாள், ஆடிக்கு வரட்டுமா என்றால் வெள்ளையடிக்கறோம் என்றாள், தீபாவளிக்கு வரட்டுமா என்றால் இங்க கோழிச்சீக்கு வந்திருக்குது அம்மிணி, நீ வந்துட்டுப் போனா உன்ற செருப்புலயே ஒட்டிட்டு வந்து உங்கூட்டுக் கோழியையும் கொன்னுபோடும், வராதே, என்றாள், அதில் தப்புச் சொல்ல எதுவுமில்லை, கோழி வளர்க்கிறவர்கள் சொல்லுகிற நியாயம்தான், அதைச் சொல்லி முடிக்கும் முன்பே போனுக்குள் ஒரு சேவல் கூவியது. நாட்டுச்சேவல் கூவினால் இழுத்து, குழைந்து, நான்கு வீடு தள்ளிக் கேட்கும், கிளிமூக்கு அப்படிக் கூவாது, தொண்டையில் கபம் கட்டியவன் அதட்டுவதைப் போல் குட்டையாக ஒரு குரல், பாதியில் வெட்டினதைப் போல நின்றுவிடும், அப்படித்தான் நின்றது. அதென்னக்கா சத்தம். எது. கோழி கூவுச்சே. அதா, டிவிங்கறேன், உங்க மாமன் எந்நேரமும் சத்தமா வச்சிருக்கறாரு. போனை வைத்தாள், டிவியில் கூவியிருக்கலாம், ஏன் கூவக் கூடாது, டிவியில் எல்லாமும்தான் கூவுகிறது. அதற்குப் பிறகுதான் அந்தக் கனவு, கனவா, சமைத்துக்கொண்டே நினைத்ததா, சரியாகச் சொல்ல முடியவில்லை, அக்கா வீட்டுச் சமையல்கட்டு மூலையில் அவளே கூடைக்குள் உட்கார்ந்திருக்கிறாள், உடம்புக்குக் கீழே வழவழவென்று சூடாக முட்டைகள், எழுந்தால் ஆறிப்போகும் என்று பசியோடு உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கை மெல்ல அவளுக்கு அடியில் நுழைகிறது, ஒன்றை எடுக்கிறது, அந்த இடத்தில் குளிர்ச்சியாக வேறொன்றை வைக்கிறது, அவள் கொத்தவில்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை, திறந்தால் யாரென்று தெரிந்துவிடும், எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, இரட்டைச்சடை போட்டுவிட்ட கையின் சூடு தெரியாதா.

இரண்டு நாளைக்கு முன்னால் அக்காவே கூப்பிட்டாள், கண்காட்சிக்கு வா அம்மிணி, உன்னப் பாத்து எத்தன நாளாச்சு, குரலில் வெல்லம் கரைந்தது, அந்த வெல்லத்தைக் கேட்டவுடனே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது, மீதி இந்தச் சேவலின் நெற்றியில் இருந்தது. இப்போது அக்கா அவளைப் பந்தலுக்குப் பின்னால், தண்ணீர்த்தொட்டி நிழலுக்குக் கூட்டிப்போகிறாள், சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், திண்டுக்கல்லுல இருந்து ஒருத்தரு வந்திருக்கறாரு, சேவல் அவருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு, யாரு குடுத்ததுன்னு கேட்டாரு, சித்தி குடுத்ததுன்னு பூபதி சொல்லியிருக்கறான், அவரு வந்து உன்னையக் கேப்பாரு, நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், என்கிறாள், பூபதி அக்காவின் மகன். சேவல் வளர்க்கிறவர்கள் வழக்கம் அப்படி, விலை கேட்பதற்கு முன்பு, வயது கேட்பதற்கு முன்பு, யாரு குடுத்தது என்று கேட்பார்கள், கோழிக்குப் பட்டாவும் பத்திரமும் கிடையாது, கொடுத்தவர் வாயால் ஆமாம் என்று சொன்னால்தான் அதற்கு வம்சம், இல்லாவிட்டால் எத்தனை அழகாக இருந்தாலும் திருட்டுக்கோழி, ஒருத்தரும் தொடமாட்டார்கள். நான் எப்பக்கா குடுத்தேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், அன்னிக்கு ரெண்டு கோழியும் பக்கத்துல பக்கத்துல கெடந்துச்சா, முட்டை மாறிப்போச்சு. மாறிப்போச்சு, என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்தாள், தாமே எழுந்து நடந்து போய் மாறிக்கொண்ட முட்டைகள். மாறிப்போச்சுன்னா அப்பவே சொல்லியிருக்கலாமல்லக்கா. சொல்லி, நீ வந்து தூக்கிட்டுப் போறதுக்கா, முட்டை உன்றது, சரி, சூடு யாரு குடுத்தது, உன்ற கோழியா வந்து பசியும் பட்டினியுமா படுத்துக் கெடந்துச்சு. பிறகு அக்காவின் குரல் இறங்குகிறது, பூபதி திருப்பூர்ல வேலை போயி வந்து செவுத்தப் பாத்துட்டே கெடந்தான் அம்மிணி, குளிக்க மாட்டான், திங்க மாட்டான், இந்தக் குஞ்சு கைக்கு வந்தப்பறம்தான் மனுசனா எந்திரிச்சான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது, சித்தி உனக்காகக் குடுத்துச்சுடான்னுதான் சொல்லி வச்சிருக்கறேன், அவன் மொகத்துக்காக.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, என்று வாய்வரை வந்தது, அது பொய் என்று தெரிந்ததால் விழுங்கிக்கொண்டாள், கொடுத்திருக்க மாட்டாள், அக்காவுக்கும் அது தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. அக்கா எடுத்துக்கொண்டது அவளுக்குப் புதிதில்லை, மாம்பழக்கலர்ப் பாவாடை, அம்மாவின் கல்லுத்தோடு, நர்சு படிப்புக்கு ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்று அப்பா சொன்னபோது அந்த ஒருத்திக்கான இடம், எல்லாம் எடுத்த பிறகு வீட்டில் வந்தவர் போனவரிடமெல்லாம் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொல்வாள், அம்மிணியே குடுத்துட்டா, அவளுக்கு அத்தனை தங்கமான மனசு, எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், அந்தச் சிரிப்பில் பாவாடை கொடுத்ததாகிவிடும், தோடு கொடுத்ததாகிவிடும், படிப்பு கொடுத்ததாகிவிடும். போனதையெல்லாம் அவள் எப்படியோ பொறுத்துக்கொண்டுவிட்டாள், தான் கொடுக்காததைத் தன் வாயாலேயே கொடுத்ததாகச் சொல்லிச் சொல்லி, தன்னிடம் இல்லாத ஒரு தங்கமான மனசுக்காக ஊரெல்லாம் பாராட்டு வாங்கிக்கொண்டு நின்றாளே, அதைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை, ஒருவேளை கழிச்சலில் செத்த அந்தச் சேவல் ஒன்றைத்தான் அவள் யாருக்கும் கொடுக்காமல் தனக்கென்று வைத்திருந்தாளோ.

திண்டுக்கல்காரர் வயதானவர், பேசாமல் வேலை செய்கிறவர், சேவலின் இறக்கையை விரித்துப் பார்த்தார், மார்புக்கு அடியில் கை கொடுத்து எடை பார்த்தார், அது அவர் மணிக்கட்டில் மூக்கை வைத்து அழுத்தியது, கொத்தவில்லை, பூபதி குனிந்து அதன் வாலில் ஒட்டிய தென்னந்தும்பை எடுத்துவிட்டான், அத்தனை மெதுவாக எடுத்தான், சித்தி, உங்க சேவல் மாதிரியே இருக்குதா என்று அவளைப் பார்த்துச் சிரித்தான், இளைத்திருந்த கன்னம் தேறியிருக்கிறது, அக்கா சொன்னதில் அது பொய்யில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது, பூபதிக்குப் பெயர் வரும், அக்கா சாயங்காலம் பணியாரம் சுட்டு வற்புறுத்துவாள், பஸ் ஏற்றிவிடும்போது கண் கலங்குவாள், சொல்லாவிட்டாலும் சேவல் அவளுக்குத் திரும்பி வரப்போவதில்லை, இனிமேல் அக்கா வீடும் இருக்காது, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்த மாதிரியும் இருந்தது, எதையுமே நினைக்காத மாதிரியும் இருந்தது. பெரியவர் சேவலின் நெற்றி மேட்டை விரலால் தொட்டார், இந்த மேட்டப் பாத்தா ஊஞ்சக்காடுன்னு யாரும் சொல்லிப்புடுவாங்க, ஆனாலும் கேக்கறது மொறை, என்று அவள் பக்கம் திரும்பினார், நீங்க குடுத்ததுதானாம்மா. அக்காவின் விரல்கள் முழங்கையில் இறுகுகின்றன, அக்காவே முந்திக்கொண்டு, எங்க அம்மிணிக்கு எப்பவுமே தங்கமான மனசுங்க, என்கிறாள், பெரியவர் அக்காவைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தபடி நிற்கிறார், பூபதி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான், அவளுக்கும் பழக்கத்தில் உதடு சிரிக்கப் போனது, அதை நிறுத்திக்கொண்டாள், அக்காவின் கையிலிருந்து தன் கையை வலிக்காமல், சேலை முள்ளில் மாட்டினால் எடுப்பதைப் போல, விடுவித்துக்கொண்டாள்.

எங்க கோழிதானுங்க, என்றாள், நான் குடுக்கலீங்க.