பத்து மணிக்கு நனைந்திருந்த சேலை

1

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கேட்ட கதை இது. ராமநாதபுரம் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அமுதவள்ளி என்ற பெண் சொன்னாள். பத்திரிகையில் போட்டுவிடக் கூடாது என்றாள். தலையாட்டினேன். ஆட்டும்போதே மனசுக்குள் முதல் வரி ஓடத் தொடங்கிவிட்டது.

2

'மண்டபம் சாலையில் ஒரு மூதாட்டி...'

வேண்டாம். மூதாட்டி என்றால் இப்போதே இரக்கப்பட்டுவிடுவீர்கள். இராமலட்சுமிக்கு அறுபத்து மூன்று. கடலில் மூழ்கிப் பாசி பறிப்பவள். மூச்சுப் பிடிப்பதில் உடன் வரும் பத்துப் பெண்களும் அவளுக்குப் பின்னால்தான். பாசி கிடைப்பது [          ] தீவைச் சுற்றி. (பெயரை எழுதி அடித்துவிட்டேன். அங்கே போக வனத்துறைத் தடை.)

ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கரையேறி, ஈரச் சேலையும் தலையில் பாசிச் சாக்குமாக ரோட்டைக் கடந்தாள். ராமேஸ்வரம் போன வேன் ஒன்று அடித்தது. முழங்கால் நொறுங்கிக் கிடந்தவள் தண்ணீர் கேட்கவில்லை. பின்னால் வந்த அமுதவள்ளியிடம், "போலீசு வாரதுக்குள்ள சாக்கத் தூக்கிட்டு ஓடு" என்றாள்.

ஓடினாள்.*

*இதைச் சொல்லும்போது அமுதவள்ளி டீயைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவில்லை.

3

அந்தக் கால் இனி மடங்காது. நஷ்டஈட்டு வழக்குப் போட்ட வக்கீல் ஹமீது, கீழக்கரைக்காரர், நல்லவர். (கதையில் நல்ல வக்கீலை யாரும் நம்புவதில்லை. ஒரு குறை சேர்க்கப் பார்த்தேன், ஒட்டவில்லை.) இழந்த வருமானத்தை வைத்துத்தான் ஈடு கணக்கிடுவார்கள் என்று பொறுமையாக விளக்கினார்.

"எங்கன போயி எடுத்தீக, கூட யாரு வந்தாக, எல்லாம் சொன்னாத்தான் ஆத்தா, வருமானம்னு எழுதுவாக."

"சொன்னா மறுநா அவளுக பத்துப் பேரு வீட்டுலயும் ஆபீசரு நிப்பாரு."

"அப்ப வீட்டுல சும்மா இருக்கேன்னு சொல்லப் போறீகளா?"

"இப்பச் சும்மாத்தான இருக்கேன்."

4

இராமலட்சுமியைக் கூண்டில் நிறுத்துகிறேன். கையில் ஊன்றுகோல். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் போலீஸ் குறிப்பைப் புரட்டி, வீட்டில் சும்மா இருக்கிற பெண்ணின் சேலை காலை பத்து மணிக்கு ஏன் நனைந்திருந்தது என்று கேட்டார்.

அவளுக்காகப் பதில் எழுதிப் பார்த்தேன். குளித்துவிட்டு வந்தேன். குழாயடியில் வழுக்கி... துணி துவைக்கப் போ...

எதைச் சொன்னாலும் எங்கே, யார் பார்த்தது என்று அடுத்த கேள்வி வரும். அவள் சொன்ன பதிலுக்கு அடுத்த கேள்வி கிடையாது.

"வயசாயிருச்சுல்ல சார். அடக்க முடியல. வழியிலயே போயிருச்சு."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். டைப்பிஸ்ட் அதை அப்படியே அடித்தார்.

5

தீர்ப்பு: வருமானத்துக்கு ஆதாரமில்லை, முதுமைத் தளர்ச்சி முன்பே இருந்ததை மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கிடைத்தது ஆஸ்பத்திரிச் செலவுக்கே போதவில்லை.

வாரப் பத்திரிகைக்கு இந்த முடிவு ஆகாது. நீதிபதி கண்கலங்கி முழுத் தொகையும் கொடுக்கிற மாதிரி நாலு வரி எழுதினேன். அவர் கலங்க வேண்டுமானால் அவருக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். அடித்துவிட்டேன். பத்துப் பேரும் திரண்டு வந்து சாட்சி சொல்கிற முடிவை அமுதவள்ளியிடமே கேட்டுப் பார்த்தேன்.

"வாரோம்னுதான் சொன்னோம். வரக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

ஆகவே தொகையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ரூ. ...............

தீவின் பெயர் தெரிந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். அந்த அடைப்புக்குறியை மட்டும் நிரப்பிவிடாதீர்கள். நான் கொடுத்த வாக்கில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.