முதுகில் விழுந்த வெளிச்சம்

ஃபெரியல் விளம்பரக் கம்பெனி வேலையை உதறி ஆறு வருடம் ஆகிறது. தயிர்க் கிண்ணத்தைப் பார்த்துச் சிரிக்கிற குடும்பங்களை வரைந்து வரைந்து அலுத்துப்போய், இனி தன் கண்ணில் பட்டதைத்தான் வரைவேன் என்று வீறாப்பாக வெளியே வந்தவள். முதல் மூன்று வருடம் அம்மா கொடுத்தனுப்பிய குஸ்குஸ் ரவைச் சோற்றில்தான் ஓடியது. பிறகு மெல்ல மெல்லப் புத்தக அட்டைகள் வந்தன, பத்திரிகைப் படங்கள் வந்தன. டூனிஸ் நகரில் படம் வரைபவர்கள் என்றால் அவள் பெயரையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அவளுடைய படங்களெல்லாம் பிறந்த இடம் பேட்டையின் பொதுக் குளியல்கூடம். வியாழன் காலை பெண்கள் முறை. ஆவி மண்டிய கூடத்துக்குள் காகிதம் கொண்டுபோக முடியாது. போட்டோ எடுத்தால் முடியைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். அதனால் உட்கார்ந்து பார்ப்பாள். வீட்டுக்கு ஓடிவந்து, தலை ஈரம் காய்வதற்குள் பார்த்ததை அப்படியே தாளில் இறக்கிவிடுவாள். கேமரா தோற்றுப்போகும் கண் என்று தன்னைப் பற்றி அவளுக்கே கொஞ்சம் கர்வம் உண்டு. முகத்தை மட்டும் மாற்றிவிடுவாள், இல்லையென்றால் அந்தப் பக்கம் திருப்பிவிடுவாள். முகம் தெரியாவிட்டால் ஆள் தெரியாது என்பது அவள் கணக்கு. கெட்டிக்காரர்கள் தப்புக் கணக்குப் போட ஆரம்பித்தால் லேசில் நிறுத்துவதில்லை.

அந்த வசந்தத்தில் நகர ஓவிய விழாவுக்கு அவள் படத்தையே சுவரொட்டி ஆக்கினார்கள். கொண்டை போட்டு இடுப்பில் சிவப்புத் துண்டு கட்டிய பெண் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். தோளிலிருந்து இடுப்புவரை சாய்வாகக் கோடு கோடாக நிழல். அந்தக் கோடுகளைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். வெளிச்சத்தை இப்படி யாராலும் பிடிக்க முடியாது என்று பேப்பரில் எழுதினார்கள். பெண்ணின் முதுகைத் தெருவில் ஒட்டுவதா என்று நாலு பேர் முணுமுணுத்ததில் படம் இன்னும் பேர் வாங்கியது. டிராம் நிறுத்தம் ஒன்று பாக்கியில்லை.

மூன்று வாரம் கழித்து, பாராட்டை வாங்கிக்கொள்ளும் நினைப்போடு குளியல்கூடம் போனாள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, நகர்ந்து இடம் கொடுக்கவும் இல்லை. உடம்பு தேய்த்துவிடும் மன்னூபியா சித்தி மட்டும் சொரசொரப்பான கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள். அவள் தேய்த்த தேய்ப்பில் தோல் உரிந்துவிடும்போல் இருந்தது. ஹெந்தா மூன்று வாரமாக வரவில்லை என்றாள். யார் ஹெந்தா என்று கேட்டாள் ஃபெரியல்.

“யாரை வரைஞ்சியோ, அவதான்.”

ஃபெரியல் சட்டென்று திரும்பினாள். “நான் முகத்தைக் காட்டவே இல்லையே சித்தி.”

“இந்த ஆவியில யாருடி முகத்தைப் பாத்து ஆள் கண்டுபிடிக்கிறா? இருபது வருஷமா முதுகு தேய்க்கிறேன். பேட்டையில பாதிப் பேரை முதுகை வெச்சுத்தான் எனக்குத் தெரியும். அந்தக் கோடெல்லாம் எதுக்குடி போட்ட?”

கூரையிலிருந்து வெளிச்சம் விழும்போது நடுநடுவே விழுகிற நிழல் அது என்று ஃபெரியல் ஆரம்பித்தாள். பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன அதே விளக்கம். சித்தி அவள் மோவாயைப் பிடித்து மேலே திருப்பினாள்.

“நல்லாப் பாரு. கூரையில இருக்கிற கண்ணாடி அத்தனையும் வட்டம். கோடு எங்கேருந்து விழும்?”

ஃபெரியல் பார்த்தாள். சித்தியின் கையில், பக்கத்துப் பெண்ணின் முழங்காலில், தொட்டித் தண்ணீரில், எங்கே பார்த்தாலும் காசு காசாக வெளிச்சம் கிடந்தது. கோடு என்று ஒன்றுகூட இல்லை. சுடுகல்லின் மேல் உட்கார்ந்திருந்தவளுக்குக் கை கால் சில்லிட்டுப்போனது.

மீதியைச் சித்தி காதோடு சொன்னாள். ஹெந்தாவின் புருஷன் ஸ்கூல் வாத்தியார், தெருவே எழுந்து வணக்கம் சொல்லும் மனுஷன். வீட்டுக்குள் அவன் அவளை அடிப்பது இங்கே வருகிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் உள்ளே பார்த்ததை வாசல் தாண்டிச் சொல்வதில்லை என்பது குளியல்கூடத்து மரியாதை. அந்த மரியாதை இத்தனை நாளாக யாரைக் காப்பாற்றியது என்று ஒருத்தியும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது அவன் தினம் ஏறுகிற நிறுத்தத்திலேயே அந்த முதுகு தொங்குகிறது. பெண்டாட்டி யாரிடமோ காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்து அவளை என்ன செய்தானோ.

ஈரத்தலையோடு இரண்டு பேரும் ஹெந்தா வீட்டுக்கு ஓடினார்கள். கதவைத் திறந்தது ஹெந்தா. ஃபெரியலுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. உள்ளே போனதும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவள் பாதியிலேயே அழுதுவிட்டாள். ஹெந்தா அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. மெத்தைக்கு அடியிலிருந்து நாலாக மடித்த சுவரொட்டியை எடுத்து விரித்தாள்.

“என் முதுகை நான் பாத்ததே இல்ல. வீட்ல இருக்கிறது முகம் பாக்கிற கண்ணாடி. அவரு, தடம்கூட இல்ல, சும்மா அலட்டாதேம்பாரு. நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். கொண்டையும் துண்டும் என்னுதுன்னு தெரிஞ்சதும் டிராம் ஸ்டாப்ல நின்னு எண்ணினேன். ஒன்பது.”

அவன் பார்த்தானா என்று சித்தி மெல்லக் கேட்டாள்.

“பக்கத்துலதான் நின்னாரு. நல்லா வரைஞ்சிருக்காங்கன்னாரு.”

அவன் சொன்னதைத்தானே ஊரும் சொன்னது.

பிறகு ஏன் குளிக்க வரவில்லை என்றாள் சித்தி.

“நீங்க தேய்ச்சா மறைஞ்சிடுமோன்னு பயம். போலீஸ்ல சொன்னா, டாக்டர்கிட்ட காட்டச் சொல்வாங்க. யாரு பாத்தான்னும் கேப்பாங்க. நீங்கள்லாம் சொல்ல மாட்டீங்க.”

சித்தி தரையைப் பார்த்தாள். ஹெந்தா ஃபெரியல் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்க. இது பாத்து வரைஞ்சதா, மனசுல தோணினதைப் போட்டதா?”

தோன்றியதைப் போட்டேன் என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். பார்த்தேன் என்றால் குளியல்கூடத்துக் கதவு அவளுக்கு இனித் திறக்காது. வெளிச்சம், நிழல் என்று அளந்ததெல்லாம் ஊர் சிரிக்கிற கதையாகிவிடும்.

“பாத்துத்தான் வரைஞ்சேன்.”

“ஒன்பதையும்?”

“எண்ணித்தான் போட்டேன்” என்றாள் ஃபெரியல். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. அவள் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாள்.

ஹெந்தா ஆணியில் தொங்கிய மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“அப்போ அதையே ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. அவரு நாலு மணிக்கு வந்துடுவாரு.”