கேட்டால் சொல்லுவேன்

"பேரைச் சொல்லு. ஒரே ஒரு தடவ சொல்லிப் பாரு" என்று கந்தப்பன் சொல்லி முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்து ஒரு பித்தளைச் செம்பு பறந்து வந்து அவன் காலடியில் விழுந்து உருண்டது.

எறிந்தவள் வேலாயி. கந்தப்பனின் தங்கை மீனம்மாவுக்கு மாமியார். அண்ணன் தங்கை இருவருக்குமே அவள் தகப்பன்வழியில் அத்தை முறை. ஆகவே செம்பை எறிய அவளுக்கு இரட்டை உரிமை உண்டு.

"எம்மவன் பேர இந்த வீட்டுல நாந்தேன் சொல்லுவேன். பெத்தவ சொல்லலாம். கட்டுனவ சொன்னா, போன எடத்துலகூட அவன் நிம்மதியா இருக்க மாட்டான். தங்கச்சிக்கு அண்ணன்காரன் சொல்லிக் குடுக்கிற பாடமாடா இது?"

"அத்தே, ஆபீசரு கேக்கப் போறாரு. போன தடவ மாதிரி இந்தத் தடவயும் இது வாயடைச்சு நின்னுச்சுன்னா..."

"நிக்கட்டும். குடும்பத்துப் பொம்பள அப்பிடித்தேன் நிப்பா."

மீனம்மா செம்பை எடுத்தாள். ஒடுக்கு விழுந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அடுப்பு மேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, புகைந்த விறகை உள்ளே தள்ளினாள்.

அவள் புருஷன் பெயர் சோலைமலை. தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அவள் வாயில் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அது நுழைந்ததில்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று எந்த மகான் கண்டுபிடித்தானோ தெரியாது. அக்கரையிலிருந்து கப்பலேறி வந்த நம் சனங்கள் சட்டி பானையோடு அதையும் மறக்காமல் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மீனம்மாவின் பாடு இன்னும் திண்டாட்டம். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் பதிந்ததும் எல்லோரும் "மலைக்குப் போறோம்" என்று கூடையை மாட்டுவார்கள். புருஷன் பெயரில் மலை இருப்பதால் அவள் "மேட்டுக்குப் போறேன்" என்பாள். மலையில் பிறந்து, மலையில் கொழுந்தெடுத்து, மலை என்ற சொல்லே இல்லாமல் ஒரு பெண் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லி, வரிசை வீடுகள் கொண்ட அந்த லயத்துப் பெண்கள் அவளைப் பாராட்டினார்கள்.

இத்தனை பத்திரமாகக் காப்பாற்றிய ஆயுசு முப்பது வயதைத் தாண்டவில்லை. ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் பெருமழையில், தண்ணீர் வடியக் கான் வெட்டப் போன சோலைமலைமேல் மண் சரிந்தது. மறுநாளும் தோண்டினார்கள். மண்வெட்டி கிடைத்தது. தலையில் போட்டிருந்த படங்குச் சாக்கு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. மழை மேலும் வலுக்கவே, இனித் தோண்டினால் தோண்டுகிறவர்களும் போய்விடுவார்கள் என்று துரை வேலையை நிறுத்தினார். பிறகு அந்தச் சரிவில் புதுத் தேயிலை நட்டார்கள். மற்ற இடங்களைவிட அங்கே செடி செழிப்பாக வந்தது. அந்த நிரையில் கொழுந்தெடுக்கும்போது பெண்கள் பேசிக்கொள்வதில்லை.

சாவதற்கு முன்பு சோலைமலை ஒரு காரியம் செய்திருந்தான். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். கந்தப்பனும் அப்போதே போட்டான். இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், இந்த மண்ணுக்கு உரியவர்கள்தானா என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம் வந்து, ஒரே சட்டத்தில் எல்லோருடைய வாக்கையும் பிடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு வருஷம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தபோது சோலைமலை மண்ணுக்குள் இருந்தான். அவன் இடத்தில் மீனம்மா போய் நின்றாள்.

"உன் புருஷன் பெயர் என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோயிலில் பூசாரி கேட்டாலும் அப்படித்தான் குனிவாள். பக்கத்தில் நிற்கிற யாராவது அவளுக்காகச் சொல்லிவிடுவார்கள். விசாரணை அறைக்குள் பக்கத்தில் யாரும் இல்லை. கந்தப்பனை வெளியே நிறுத்தியிருந்தார்கள். அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். புருஷன் பெயரே தெரியாதவள் எப்படி அவன் பெண்டாட்டியாவாள் என்று மனுவைத் தள்ளிவிட்டார்.

கந்தப்பனுக்குக் கிடைத்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்கள். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவன் இந்நாட்டுப் பிரஜை. அந்தப் பக்கம் இருந்தவள் கள்ளத்தோணி. உரிமை இல்லாதவர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோதெல்லாம் மீனம்மா ஒன்றையே கேட்பாள்: "அவர மண்ணுக்குள்ள விட்டுட்டு நா மட்டும் எப்பிடிண்ணே கப்பலேறுறது?"

ஐம்பத்தாறாம் வருஷம் தேர்தல் வந்தது, அந்தக் கேள்விக்குப் பதிலும் வந்துவிட்டதாகக் கந்தப்பன் நினைத்தான்.

அந்த லயத்தில் வாக்கு உள்ளவன் அவன் ஒருவன்தான். நோர்வூட் பள்ளிக்கூடத்துக்கு வாக்குப் போடப் புறப்பட்டபோது, கதிர்காமத்துக்குப் புறப்படுகிறவனை அனுப்புவதுபோல லயமே வாசலில் வந்து நின்றது. போக முடியாதவர்கள் யாத்திரைக்காரனிடம் மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து கொடுப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி ஆளுக்கொரு வேண்டுதலை அவன் காதில் போட்டார்கள். கூரைத் தகரம் மாற்ற வேணும் என்றாள் ஒருத்தி. பிள்ளைகளுக்கு அஞ்சாம் வகுப்புக்கு மேலேயும் பள்ளிக்கூடம் வேணும் என்றான் ஒருவன். புள்ளடி போடுகிற அந்தச் சின்னத் துண்டில் இவ்வளவும் கொள்ளுமா என்று யாரும் யோசிக்கவில்லை. கந்தப்பனும் யோசிக்கவில்லை. திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டி, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தான்.

பெரிய மனிதர்களின் ஆட்சி கவிழ்ந்தது. ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டது என்று ஹட்டன் கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள். கந்தப்பன் லயத்துக்கெல்லாம் சீனி வாங்கிக் கொடுத்தான். தன்னுடைய புள்ளடியால்தான் நாடு திரும்பியது என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. நடையில் அது தெரிந்தது. அதற்குப் பிறகு சிங்களம் மட்டுந்தான் ஆட்சிமொழி என்று வந்தபோதும், "அது டவுன்காரவுகளுக்குள்ள தகராறு, நமக்கு வேற வரும்" என்றான். அப்படியே மீனம்மாவுக்கு அழைப்பும் வந்தது. தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரைப் பிடித்து அவன் எழுதிப்போட்டிருந்த மேல்முறையீட்டுக்கு ஹட்டனில் விசாரணையாம். இனி அவனைக் கையில் பிடிக்க முடியுமா? அந்த உற்சாகத்தில்தான் தங்கையின் காம்பராவுக்குள் போய்ச் செம்படி வாங்கினான்.

மறுநாள் வேலை முடிந்து திரும்பும்போது, கொழுந்தை எடை போட்டுவிட்டு மீனம்மா தனியாக வருவதைக் கண்டு, அந்தச் சரிவுக்குக் கீழே பாதையில் காத்து நின்றான். அந்த இடத்தில் நிற்க அவனுக்குப் பிடிக்காது. பனி இறங்கினால் மண்வெட்டிச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். ஆனாலும் அங்கேதான் பேச வேண்டியிருந்தது. வீட்டில் கிழவி இருந்தாள்.

"அத்தைக்குப் பயந்துக்கிட்டா இருக்க?" என்றான்.

"அத்தைக்கு என்னண்ணே பயம்."

"அப்பறம்? அவந்தான் போயிட்டானே. இனிக் கொறையறதுக்கு ஆயுசு எங்கருக்கு?"

மீனம்மா கூடையை இறக்கி வைத்தாள். சரிவைப் பார்க்காமல் பாதையைப் பார்த்தபடி பேசினாள்.

"அன்னைக்கு எல்லாரும் இங்கன நின்னு கூப்பிட்டீங்க. நீ கூப்பிட்ட. அத்தை கூப்பிட்டாங்க. கங்காணி, கண்டாக்கையா, சின்னப் புள்ளைக எல்லாம் கூப்பிட்டுச்சு. நா மட்டும் கூப்பிடல."

அன்று கத்திக் கத்திக் கந்தப்பனின் தொண்டை கிழிந்திருந்தது. எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து அவர்கள் குரலே திரும்பி வந்ததும் ஞாபகம் வந்தது.

"வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். எல்லாரும் பாக்குறாங்களேன்னு நின்னேன். அவருக்கு உள்ள மூச்சு இருந்திருந்தா, எங்கொரலத்தானே தேடியிருப்பாரு? ஊரு பூரா கூப்பிடுது, இவள மட்டும் காணமேன்னு நெனச்சிருப்பாரா இல்லியா?" அவள் குரல் உடையவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "சாகக் கெடந்தவருக்குச் சொல்லாத பேர, கோட்டுப் போட்ட ஒருத்தரு கேக்குறாருன்னு சொல்லச் சொல்றியேண்ணே. எனக்கு வெக்கமா இருக்காதா?"

கந்தப்பன் அழுதுவிட்டான். பிரஜை, வாக்காளன், லயத்துக்கே பெரிய மனுஷன், பாதையோரத்தில் நின்று மூக்கைச் சிந்தினான். அன்று அவளைத் தோளைப் பிடித்து உலுக்கி, "நீயும் கூப்பிடு" என்று சொல்ல ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? ஆண்களுக்குத் தோன்றவில்லை, பெற்றவளுக்கும் தோன்றவில்லை. வழக்கம் அத்தனை பேர் வாயிலும் உட்கார்ந்திருந்தது.

"இது பழைய ஆபீசரு மாதிரி இல்ல மீனா" என்றான் கடைசியில். "இப்ப ஆளுக மாறிட்டாங்க. நம்மள மனுசனா மதிச்சுக் கேப்பாங்க. நீ சொன்னா அவன் இருக்கிற மண்ணு ஒனக்குச் சொந்தம். அதுக்காகவாச்சும் சொல்லு."

அவள் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"கேட்டாச் சொல்லுவேன்" என்றாள்.

ஹட்டனில் ஒரு மாடிக் கட்டடத்தில் விசாரணை நடந்தது. நடையில் போட்டிருந்த நீள வாங்குகளில் பல தோட்டத்துச் சனங்கள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பெண்களில் பாதிப்பேர் தமக்காகப் பெயர் சொல்ல ஓர் ஆணைக் கூட்டி வந்திருந்தார்கள். இந்தத் தடவை கந்தப்பனையும் உள்ளே விட்டார்கள். அதிகாரி இளவயது. சிரித்த முகம். மீனம்மாவை உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். துரைமார் முன்னாலும் ஐயாமார் முன்னாலும் நின்றே பழகிய தங்கை கதிரை நுனியில் உட்காருவதைப் பார்த்துக் கந்தப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. போட்ட புள்ளடி வீண்போகவில்லை என்று நினைத்தான்.

அதிகாரி சிங்களத்தில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க நின்ற சிவபாதம் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்:

"ஐயா சொல்லுறார், உங்கடை மேல்முறையீடு பிந்தி வந்திட்டுதாம். தவணை எப்பவோ முடிஞ்சு போச்சு. அதாலை பழைய தீர்ப்புத்தான். நீங்கள் போகலாம்."

கந்தப்பனுக்குப் புரியவில்லை. "விசாரணைன்னு சொன்னீங்களே. ஒண்ணுமே கேக்கலீங்களே."

"கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. புது அரசாங்கம் தேங்கிக் கிடக்கிற பழைய ஃபைல் எல்லாத்தையும் கெதியா முடிக்கச் சொல்லியிருக்கு. முடிச்சதை ஆளுக்கு நேரிலை சொல்ல வேணும். அதுக்குத்தான் கூப்பிட்டது."

"ஐயா, எந்தங்கச்சி பதில் சொல்றதுக்குத்தான் வந்திருக்கு. பேரக் கேளுங்கய்யா. புருசன் பேர ஒருக்கா கேளுங்க."

சிவபாதத்தின் முகத்தில் இரக்கம் இல்லாமலில்லை. "அது அண்டைக்குச் சொல்லியிருக்க வேணும், தம்பி" என்றார்.

மீனம்மா எழுந்தாள்.

"சோலைமலைங்க" என்றாள்.

முதலில் காற்றுத்தான் வந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். மூன்றாந்தடவை அது குரலாக வந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூப்பிடுவதாக மாறிவிட்டது. "சோலைமலை... சோலைமலை..." நடையில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மழையில் அன்று கேட்காத குரல் இதுதான் என்று கந்தப்பனுக்குத் தெரிந்தது.

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார்.

"யாரோ ஆளைக் கூப்பிடுறா, சேர்" என்று சிவபாதம், விளக்கப் போனால் நீளும் என்பதுபோல, சிங்களத்தில் சொன்னார். கடைத்தெருவில் பழகிய சிங்களம் கந்தப்பனுக்கு அந்த அளவுக்குப் புரியும்.

நல்ல மனிதர் அந்த அதிகாரி. ஆளை உள்ளே வரச் சொல் என்று பியூனுக்குக் கை காட்டினார். பியூன் நடைக்குப் போய், காரியாலய வழக்கப்படி நீட்டி முழக்கி மூன்று தரம் கூப்பிட்டான். சோலைமலை. சோலைமலை. சோலைமலை. வாங்குகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற மாதிரி கந்தப்பனுக்குக் கேட்டது. அவன் திரும்பியே பார்த்துவிட்டான்.

பியூன் திரும்பி வந்து, அப்படி ஓர் ஆள் இல்லை என்றான். அதிகாரி அடுத்த ஃபைலை எடுத்தார்.

"இருக்காருங்க" என்றாள் மீனம்மா. "எங்க மலையிலதான் இருக்காரு. அவர விட்டுட்டு நா எங்கயும் போறதா இல்லைன்னு எழுதிக்கிருங்க."

சிவபாதம் அதை மொழிபெயர்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். அதிகாரி தலை நிமிர்ந்து, இன்னும் என்ன என்பதுபோலக் கந்தப்பனைப் பார்த்தார்.

கந்தப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். மேசையருகே போய்த் தங்கைக்குப் பக்கத்தில் நின்றான். தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்லத் தொடங்கினான்.