பம்பரத்துக்குப் பின்னால்

...தேய்த்திருக்கக் கூடாது, சரி, தேய்த்ததுதான் தேய்த்தேன், ஈரத்துணியால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தியிருக்கலாம், அதை விட்டுவிட்டு பாத்திரக் கடையிலிருந்து பாலீஷ் பசையை டப்பாவோடு தூக்கி வந்து, எவர்சில்வர் தட்டில் பழைய பெயரை அழிப்பதுபோல வட்டம் வட்டமாக, அதுவும் விசில் அடித்துக்கொண்டே... இப்போது பார், நாற்பத்து மூன்று இஞ்ச் டிவியின் வலது மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை மூட்டம், உலகமெல்லாம் வெயில் அடித்தாலும் அந்த மூலையில் மட்டும் மார்கழி மாதம். மணி பதினொன்று இருபது. நிகழ்ச்சி பன்னிரண்டுக்கு. மேரி கோயிலில் பூசை முடிந்து அன்பியக் கூட்டத்தில், தெருக் கிறிஸ்தவர்கள் கூடி ஜெபிக்கிற கூட்டத்தில், உட்கார்ந்திருப்பாள், ஒரு மணிக்கு முன்னால் வரமாட்டாள், வந்ததும் முதலில் இதைத்தான் பார்ப்பாள், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் பயம், திட்டினால் பதிலுக்கு ஒரு ஜோக் அடிக்கலாம், சும்மா இருப்பவளிடம் என்னத்தை அடிப்பது? துணியால் மறுபடி துடைத்தேன், மூட்டம் இன்னும் கொஞ்சம் பளபளப்பானது, தொழில் சுத்தம்.

ஆனால் குற்றம் என்னுடையது மட்டுமா? அந்தப் பம்பரம்! மேரி பார்க்கும் சேனலின் சின்னம், மஞ்சள் பம்பரம், காலை ஆறு மணி ராசிபலனிலிருந்து ராத்திரி கடைசி சீரியல் வரைக்கும் அதே மூலையில் ஆணி அடித்த மாதிரி நிற்கும், பம்பரம் என்று பெயர்தான், சுற்றவும் சுற்றாது விழவும் விழாது, பொங்கல் வந்தால் பக்கத்தில் கரும்பு முளைக்கும், கிறிஸ்துமஸ் வந்தால் தலையில் குல்லா ஏறும், போன மாதத்திலிருந்து அடியில் 'பத்தாம் ஆண்டில்' என்று ஒரு பட்டை வேறு. நீ பத்தாம் ஆண்டிலோ நூறாம் ஆண்டிலோ இருந்துவிட்டுப் போ, என் டிவிக்குள் ஏன் குடியிருக்கிறாய்? மழை பற்றிச் செய்தி சொன்னால் வரைபடத்தில் சென்னையை முழுசாக மூடிக்கொள்ளும், சென்னையில் மழையா வெயிலா என்பதே இந்த வீட்டுக்குத் தெரியாது, தெரிந்து மாரண்டஹள்ளியில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன் என்பது வேறு விஷயம். நாலு வருஷம் ஒரே இடத்தில் நின்று நின்று கடைசியில் அந்த இடமே பம்பரமாகப் பதிந்துவிட்டது, வேறு சேனல் வைத்தாலும் மங்கலாக ஒரு பம்பரம், காய்ச்சலில் படுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் பூசை பார்த்தேன், சாமியார் கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிறார், அவர் தலைக்குப் பக்கத்தில் பரிசுத்த ஆவி இருக்கவேண்டிய இடத்தில் பம்பரம். அன்றிலிருந்து ஒரு வைராக்கியம், இன்று முடித்துவிடலாம் என்று பசையை எடுத்தேன், ஏன் இன்று என்றால், இன்று அந்த மூலை சுத்தமாக இருக்கவேண்டும், மேரி டிவியில் வருகிறாள்.

என் பெண்டாட்டி டிவியில் வருகிறாள்! இதைச் சொல்லும்போதே நெஞ்சுக்குள் எவனோ பறை அடிக்கிறான். பதினைந்து நாளைக்கு முன்னால் அந்தச் சேனல்காரர்கள் பாலக்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, பெண்களை மட்டும் உள்ளே விட்டு, கோலப்போட்டி, கோணிப்பைக்குள் நின்று குதிக்கிற போட்டி எல்லாம் வைத்து, கடைசியில் ஒரு சுற்று, 'ஒரே வார்த்தை'. கையில் சிலேட்டும் சாக்பீஸும் கொடுத்து, உங்க வீட்டுக்காரரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை எழுதுங்க, மணி அடித்ததும் தூக்கிக் காட்டுங்க. மேரியோடு போன கோகிலவாணி வந்த அன்றைக்கே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், தான் 'தெய்வம்' என்று எழுதியதாக, அவள் புருஷன் மாது, தக்காளி மண்டிக்காரன், அன்றிலிருந்து நடக்கிற நடையே வேறு, சப்பரத்தில் போகிற மாதிரி. "மேரி என்னம்மா எழுதினா?" என்று அவளிடமே கேட்டேன், "நான் கேமராவப் பாத்துட்டு இருந்தனுங்க அண்ணா, பக்கத்துல யாரு பாத்தா" என்றாள். மேரியிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேன்? சோற்றில் கை வைத்துக்கொண்டு, "என்ன மேரி, கழுதைன்னு எழுதினியா குரங்குன்னு எழுதினியா, எழுத்துப் பிழை இல்லாம எழுதினியா" என்று கேட்டேன். "டிவில பாத்துக்கங்க" என்றாள். மறுநாள் வேறு மாதிரி கேட்டேன், அதாவது வேறு இரண்டு மிருகங்களைச் சொல்லிக் கேட்டேன், அப்போதும் அதே பதில். இருபத்து நாலு வருஷத்தில் நான் நேராகக் கேட்ட கேள்வி என்று ஒன்று உண்டா? நேராகக் கேட்டால் நேராகப் பதில் வந்துவிடுமே... அதனால்தானா?

பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவன் நான், ஆயிரக்கணக்கான குடத்தில், தூக்கில், தாம்பாளத்தில் யார் யாருக்கோ என்னென்னவோ வெட்டியிருக்கிறேன், 'அன்பளிப்பு', 'என்றும் மறவாத', இடம் பார்த்து, எழுத்தை எண்ணி, ஓரமாக, சாப்பிடுகிறவன் வாயில் பெயர் தட்டாமல். இந்த நாகரிகம் அந்தச் சேனல்காரனுக்கு இல்லை, சாம்பாரின் நடுவிலேயே பெயரை வெட்டுகிறான். ஆனால் என் லட்சணம் என்ன? எங்கள் கல்யாணத்துக்கு மேரி வீட்டில் கொடுத்த குடத்தில் நானே வெட்டுகிறேன் என்று வாங்கி, அல்போன்ஸ் என்று என் பெயரைப் பூவேலையோடு பெரிதாக ஆரம்பித்து, சகாயமேரிக்கு வரும்போது இடம் தீர்ந்துபோய், 'சகாய' என்பதோடு நின்றுவிட்டது. குடம் இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது. அன்று அவள் சிரித்தாள். சிரித்தாளா, அல்லது நான் சிரித்ததற்குக் கூடச் சிரித்தாளா? இப்படியெல்லாம் யோசிக்க இது நேரமா, மணி பதினொன்று ஐம்பது, சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு ஓட்டம், ஓசூர் பஸ் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான், அடி ராஜா அடி, இன்றைக்கு எனக்கு எல்லாமே மேளம்தான், எதிர்ச்சாரியில் தௌசீப்பின் டிவிக் கடை, சுவரில் ஐந்து டிவி, ஐந்திலும் மூட்டம் இல்லாத ஐந்து மூலை.

"ஏண்ணே, டிவிக்குமா பாலீஷ் போடுவாங்க?" என்று, நான் மூட்டத்தின் கதையைச் சொன்னதும் தௌசீப் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான், பொத்தியும் பயனில்லை, தோள் குலுங்குகிறது. "பேரு வெட்டாம வுட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோசம்." எனக்கு முன்னாலேயே மாது வந்து உட்கார்ந்திருக்கிறான், இருக்கிற ஒரே நாற்காலியில், மடியில் லட்டு டப்பா. வீட்டில் டிவி இல்லையா என்றால், கூட்டமாகப் பார்த்தால்தான் நல்லா இருக்குமாம், தெய்வத்துக்குப் பக்தர்கள் வேண்டுமே. "வாய்யா அல்போன்சு, உன்னுத என்னான்னு நானே சொல்றேன், ரம்பம்! ஊட்டுக்காரி ஒரே வார்த்தைல எழுதணும்னா அதத்தான் எழுதுவா" என்கிறான். நானும் சிரிக்கிறேன், என்னைவிடச் சத்தமாக யாரும் சிரித்துவிடக் கூடாது என்கிற பழக்கம், ரம்பம்... எழுதியிருப்பாளோ? நாலு எழுத்து, எளிதான வார்த்தை, அவசரத்துக்கு வரும்.

ஆரம்பித்துவிட்டது. ஐந்து டிவியில் ஐந்து மேரி! ஊதாப் புடவை, நான் எடுத்துக் கொடுத்ததில்லை, எப்போது வாங்கினாள், கோணிப்பைக்குள் நின்று குதிக்கிறாள், என் மேரியா இது, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, தலைமுடி அவிழ, கோகிலவாணியைத் தாண்டி, தாண்டி, "அப்படித்தான் மேரி, இன்னும் ஒரு குதி!" என்று கத்துகிறேன், பதினைந்து நாளைக்கு முன்னால் நடந்துபோன பந்தயத்துக்கு இப்போது நின்று கத்துகிறேன், தௌசீப்பும் கத்துகிறான், சார்ஜர் வாங்க வந்த ஒரு ஆள் யார் என்றே தெரியாமல் கூடக் கத்துகிறார். இரண்டாம் பரிசு! என் கண்ணில் ஏதோ... பாலீஷ் பசையாக இருக்கும். விளம்பரம், சோப்பு, மறுபடி விளம்பரம், அதே சோப்பு, பிறகு அந்தச் சுற்று. நாலு பெண்கள் நிற்கிறார்கள், மேரி உயரம் என்பதால் பின்படியில் வலது கோடியில் நிறுத்திவிட்டார்கள், நிறுத்தியவன் நாசமாய்ப் போக, மணி அடிக்கிறது, சிலேட்டுகள் எழும்புகின்றன, 'தெய்வம்' என்று கோகிலவாணி, மாது எழுந்தே நின்றுவிட்டான், அடுத்தது 'தங்கம்', அடுத்தது 'ஏ.டி.எம்.', மண்டபமே விழுந்து சிரிக்கிறது, கேமரா மேரிக்கு வருகிறது, மேரி சிலேட்டைத் தலைக்கு மேலே, இன்னும் மேலே, யாரும் இத்தனை உயரம் தூக்கச் சொல்லவில்லை மேரி, நேராக மூலைக்குள், நேராகப் பம்பரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கிறாள். ஐந்து டிவியிலும் ஐந்து பம்பரம். நிகழ்ச்சி நடத்துகிற பெண், "அடடா... அக்கா!" என்று நெஞ்சில் கை வைக்கிறாள். சோப்பு.

அடடா என்றால் என்ன? நல்ல அடடாவா கெட்ட அடடாவா? "தௌசீப்பு, பின்னால ஓட்டுப்பா." "நேரா ஓடறத எப்படிண்ணே பின்னால ஓட்டறது?" போன் அடிக்கிறது, ஓசூரில் வேலை பார்க்கும் மகள் பிளசி, எடுத்ததும் "அப்பா, அம்மா சூப்பர்ப்பா, ஆனா அந்த லோகோ இருக்குதே!" என்று அவளும் கொதிக்கிறாள், என் ரத்தம், போனில் பார்த்தாளாம், படமாகப் பிடித்து அனுப்பியிருக்கிறாள், விரலால் பெரிதாக்கினேன், பம்பரம்தான் பெரிதானது. சிலேட்டின் இடது ஓரம் மட்டும் வெளியே தெரிகிறது, அங்கே எழுத்து இல்லை, வெள்ளையாக ஒரு தீற்றல், விளக்கு வெளிச்சம் பட்டிருக்கும் என்கிறான் தௌசீப். அப்படியானால் வார்த்தை தள்ளித்தான் ஆரம்பிக்கிறது, சின்ன வார்த்தை, நான் இடம் கணக்குப் பார்க்கிற தொழில்காரன் அல்லவா, இரண்டு எழுத்து, மிஞ்சினால் மூன்று, கல்? தேன்? பேய்? உசுரு? மூட்டை? 'அவர்' என்று எழுதியிருப்பாளோ, அவளுக்கு அதுதான் வழக்கம், நல்ல வார்த்தைதானே அது? மாது லட்டை நீட்டி, "பரவால்ல விடுய்யா, மறைஞ்சதே நல்லதுன்னு வெச்சுக்க" என்கிறான், கிண்டல்தான், ஆனால் குரலில் கொஞ்சம் இரக்கம் கலந்திருந்தது, இரக்கம் வந்துவிட்டால் என்னால் ஜோக் அடிக்க முடியாது, லட்டை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சேனலுக்கு எழுதவேண்டும், ஐயா, உங்கள் பம்பரத்தை அரை நிமிஷம் எடுத்துவிட்டு அந்த ஒரு காட்சியை மட்டும்... எழுதினால் பம்பரம் அச்சடித்த தாளிலேயே பதில் போடுவான்.

வீட்டுக்கு வந்தால் மேரி எனக்கு முன்னால் வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஜெபப் புத்தகம், பார்வை டிவி மூலையில். "என்னாங்க இது?" என்றாள். "பனி. வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்துடுச்சு" என்றேன். அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை, காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள்? கழுதை, குரங்கு, கரடி எல்லாம் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன, இன்று ஒன்றையும் வெளியே விடவில்லை, தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன், கால் மடக்கும்போது முட்டி சத்தம் போட்டது, அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

"மேரி, பம்பரம் மறைச்சிடுச்சு. சிலேட்டுல என்ன எழுதின?"

"தௌசீப் கடைக்குத்தான் போயிருப்பீங்க, அங்கயுமா மறைச்சிடுச்சு?"

"அஞ்சுலயும்."

அவள் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தாள். "ஒண்ணும் எழுதலீங்க" என்றாள். "எழுதுனேன், அழிச்சேன், மறுபடி எழுதுனேன், அழிச்சேன். அதுக்குள்ளார மணி அடிச்சுட்டாங்க. எல்லாரும் தூக்குனாங்க, நானும் வெறும் சிலேட்டத் தூக்கிட்டேன்."

அப்படியென்றால் நான் ஓடி ஓடித் தேடியது, ஐந்து டிவியில் கண்ணைப் போட்டு நோண்டியது... மூட்டை, தேன், பேய் என்று நான் எழுதிப் பார்த்த எதுவுமே அங்கே இல்லை. மாவட்டம் முழுக்கப் பார்த்திருக்கவேண்டிய காலி இடத்தை அந்தப் பம்பரம்தான் மூடி வைத்திருக்கிறது, அதற்கு நன்றி சொல்வதா, இல்லை... "எழுதி அழிச்சியே, அது நல்லதா, கெட்டதா?" என்றேன்.

"நல்லதும் எழுதுனேன், கெட்டதும் எழுதுனேங்க" என்று மேரி என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டும் பொய்யாப் பட்டுது. அன்னியிலருந்து யோசிச்சுட்டுத்தான் இருக்கறேன்."