பட்டாபிராமன், பி.

அன்று புனே லோஹேகாவ் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற பட்டாபிராமன், அவர் மனைவி ப்ரியம்வதா, டெங்குப் பரவலைப் புள்ளியியலால் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய மகள் பார்கவி, மாடியில் குடியிருந்துகொண்டு பக்கத்துக் கராடிக்கு வேலைக்குப் போகும் ஜெயசீலன். வேறு யாரும் இல்லை.

பார்கவி தனக்கென்று ஓர் இணையதளம் அமைத்துக்கொண்டிருந்தாள். அவள் புள்ளிவிவரங்களுக்குப் பயன்படுத்தும் 'ஆர்' என்ற கணினி மொழியே தளத்தையும் கட்டித் தருமாம். எழுதிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் பக்கம் தயார். மறுநாள் காலை புனேயிலேயே ஓர் ஆய்வு நிலையத்தின் தேர்வுக்குழு அதைப் பார்க்கப் போகிறது. வேலை கிடைத்தால் லோஹேகாவ் வீட்டிலேயே இருப்பாள். இல்லையென்றால் கனடா. கனடா என்ற பேச்சு எழும்போதெல்லாம் பட்டாபிராமன் படித்து முடித்த செய்தித்தாளை மறுபடி மறுபடி மடிப்பார்.

பொத்தானை மூன்றாம் தடவை அமுக்கிவிட்டு பார்கவி தலையில் கைவைத்தாள். ஏழு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஆறேழு ஆசிரியர்கள். அந்தக் கூட்டத்தில் அவள் பெயரை மட்டும் கணினி தேடிப் பிடிக்க, அது தடித்த எழுத்தில் வர வேண்டும். வரவில்லை.

"அரே, நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாதுப்பா!"

"என்னன்னு தேடச் சொன்னே?"

"பார்கவின்னுதான்."

பட்டாபிராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "பார்கவி எங்கே இருக்கு? ஏழுலயும் என் பேர்தானே இருக்கு! பட்டாபிராமன், பக்கத்துல ஒரு பி."

உண்மைதான். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத வீடு. பாஸ்போர்ட் படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு அப்பா பெயரைப் போட்டார்கள். கட்டுரைகளும் அப்படியே, பார்கவி வெறும் 'பி'யாகச் சுருங்கி, அச்சாகின.

"அப்ப பட்டாபிராமன்னு தேடச் சொல்லுங்க, முடிஞ்சுது," என்றான் ஜெயசீலன். "சார், ஏழு பேப்பர்! வாசல்ல டாக்டர்னு போர்டு மாட்டிருவோமா?"

"வாயை மூடுடா. செய்யாத வேலைக்கு என் பேரைத் தடிதடியா போட்டுக்கறதா? எங்க வம்சத்துல அந்த வழக்கம் கிடையாது."

"ரொம்ப நன்னா இருக்கு உங்க வம்சம்," என்றாள் ப்ரியம்வதா. "பொண்ணு கனடா போனப்புறம் அதைக் கட்டிண்டு உக்காந்திருங்கோ."

பட்டாபிராமன் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆணை பிறப்பிப்பதுபோல் சொன்னார்: "போட்டுக்கோ. ஆனா மேலே ஒரு வரி எழுது. 'பட்டாபிராமன் என் தகப்பனார் பெயர். ஆய்வு செய்தது நான்.' எழுதினியா? இப்ப அமுக்கு."

பக்கம் வந்தது. ஏழு இடத்திலும் அந்தப் பெயர் கன்னங்கரேலென்று நின்றது.

"அழகா இருக்குல்லப்பா?" என்று பார்கவி அவர் தோளில் தாடையை வைத்தாள்.

"எழுத்து கொஞ்சம் பெரிசு," என்றார் அவர். தோளை நகர்த்தவில்லை.

வேலை கிடைத்தது. தளத்தைப் பார்த்த யாரோ மேல் வரியைப் படிக்காமல் விட்டிருக்க வேண்டும். பட்டாபிராமன் ஓய்வு பெற்ற பிறகு கொசுவைப் பற்றி ஏழு ஆராய்ச்சி எழுதியிருக்கிறார் என்று ஊரின் மறுகோடியான கோந்த்வா வரைக்கும் நம் தமிழர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர் ஒன்றுகூட எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதியவள் அவர் மகள் பார்கவி.