செல்லசாமியின் ஜீப்பும் பதினேழு வளைவுகளும்

2023ஆம் வருடம் ஆடி மாதம் பதினோராம் திகதி, டிக்கோயாவிலிருந்து மேல்கணக்குக்கு ஏறும் பாதையில் இருந்த பதினேழு வளைவுகளில் நான்கு காணாமல் போயின. தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவைத்தான் அங்கே மேல்கணக்கு என்கிறார்கள். முதலில் கண்டவர் ஆறு நாற்பது பஸ்ஸின் சாரதி இக்னேசியஸ். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் மூன்றாம் வளைவுக்கு ஸ்டியரிங்கை ஒடித்தார். வளைவு இல்லாததால் பஸ் நேரே ஐந்தாம் நம்பர் மலை என்கிற தேயிலைப் பரப்புக்குள் இறங்கிப் பதினொரு தேயிலைச் செடிகளைச் சாய்த்துவிட்டு நின்றது. உள்ளே இருந்த முப்பத்து நான்கு பேரும் அதே பழக்கத்தில் இடது பக்கம் சாய்ந்திருந்ததால் யாருக்கும் காயமில்லை. அன்றிலிருந்து ஒரு வாரம், வளைவு இருந்த இடங்களில் எல்லாம் மரியாதைக்கு ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுத்தான் அவர் போனார்.

காரணம் மேல்கணக்கில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீட்டு வாசலில் இருந்தது. அங்கே செல்லசாமி தன் பழைய ஜீப்பின் அடிச்சட்டத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார். முன்பு ஒரு துரை ஓட்டி, பிறகு தொழிற்சாலைக்குப் பின்னால் கோழிகள் முட்டையிடுவதற்கென்று விடப்பட்டிருந்த ஜீப் அது. ஏலத்தில் எடுத்துப் பத்து வருடமாக அவர்தான் வைத்திருந்தார். சட்டம் வளைந்ததற்குக் காரணம் அவருடைய மகள் பிரேமினியின் கல்யாணம். பிரேமினி மேல்கணக்குப் பாடசாலையில் ஆசிரியை. கினிகத்தேனையில் இரும்புக்கடை வைத்திருக்கும் பிரதாப்பை அவளுக்குப் பிடித்திருந்தது. பிரதாப்போ, வேலையை அவள் விட வேண்டாம், கல்யாணத்துக்குப் பிறகு தானே மேல்கணக்குக்கு வந்து தங்கித் தினமும் கடைக்குப் போய்வருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். மிச்சம் இருந்தது பூ வைப்பது ஒன்றுதான். மாப்பிள்ளையின் தாய் பெண் வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, பெண்ணின் தலையில் பூ வைத்தால்தான் பேச்சு முடிந்ததாகும். பிரதாப்பின் தாய் நாகலெட்சுமிக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. வைகாசியில் ஒரு தடவை வந்து, ஒன்பதாம் வளைவில் வாந்தி எடுத்துத் திரும்பிப் போனார். ஆனியில் வந்து அதே வளைவில் அதையே செய்தார். மூன்றாம் தடவை செல்லசாமியே ஜீப்பில் போய் அழைத்து வந்தார். சம்பந்தியாகப் போகிறவரின் முகம் மாறுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டியதில், ஒன்பதாம் வளைவுக்குச் சற்றுக் கீழே இருந்த மதகைப் பார்க்காமல் அதில் மோதிவிட்டார். நாகலெட்சுமிக்கு ஒன்றும் ஆகவில்லை. வாந்தி மட்டும் வழக்கம்போல் வந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கடைசியாக ஒரு தடவை வருவதாகவும், அன்றும் போய்ச் சேர முடியாவிட்டால் கடவுளுக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம் என்றும், பிரதாப்பின் தாய்மாமனுக்குக் கினிகத்தேனை டவுனிலேயே, ரோட்டோரத்திலேயே ஒரு மகள் இருக்கிறாள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஹட்டனில் கேட்ட இரண்டு கராஜிலும் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். ஆடியில் எப்படியும் நல்ல காரியம் எதுவும் நடக்காது, ஜீப்பையாவது நிமிர்த்தலாம் என்று செல்லசாமி வாசலிலேயே வேலையைத் தொடங்கினார். தொழிற்சாலை லொறிகளோடு முப்பது வருடம் கிடந்தவர், முறை தெரியும். லயத்து ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்து பொடி என்கிற மேல்கூட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். சட்டத்தை நான்கு சீமெந்துக் கல்லின் மேல் மட்டமாக ஏற்றி, மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்த்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு அங்குலமும் ஒரு நூலும் வித்தியாசம் இருந்தது. அங்குலத்துக்கு எட்டு நூல் என்று பார்த்தால் பதினேழு நூல். வளைந்த இடத்தைக் கரி போட்டுச் சிவக்கக் காய்ச்சி, ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்து, மறுபக்கம் சங்கிலியால் இழுக்க வேண்டும். சங்கிலியின் மறுமுனையை எதில் கட்டுவது என்பதில்தான் அவர் தவறு செய்தார் என்று பிறகு சொன்னார்கள். மரத்தில் கட்டியிருக்கலாம். அவர் வாசல் மூலையில் துருத்திக்கொண்டிருந்த கரும்பாறையில் கட்டினார். அது தனிப்பாறை அல்ல, மலையின் நுனி. முதல் நாள் நான்கு நூல் நிமிர்ந்தது. அதைத்தான் மறுநாள் காலை இக்னேசியஸ் கண்டார்.

நூலுக்கு ஒரு வளைவு என்ற கணக்கு ஊருக்குப் புரிய மூன்று நாள் போதுமானதாக இருந்தது. எந்த வளைவு போகும் என்பது மட்டும் செல்லசாமியின் கையில் இல்லை. ஒரு நாள் அடியில் இருப்பது போகும், ஒரு நாள் உச்சியில் இருப்பது. பதினொன்றாம் வளைவு போன காலையில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வந்து, ஏழாம் நம்பர் மலை பாதைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டதால் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் இனி ஏறாமல் கீழ்ப்பக்கமாக நடக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டு, மற்ற வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். வளைவுகள் குறைந்தால் பாதை செங்குத்தாக வேண்டும் என்று தோட்டத்து நில அளவையாளர் கருவியோடு வந்து பார்த்தார். ஏற்றம் பழைய அளவிலேயே இருந்தது. இரண்டு தடவை அளந்தார், ஒரு பிளேன்டீ குடித்தார், போய்விட்டார். பிரதேச சபையிலிருந்து வந்த உத்தியோகத்தர், வளைவு அரசாங்கச் சொத்து, அனுமதி இல்லாமல் எடுக்கக்கூடாது என்றார். தான் ரோட்டைத் தொடவே இல்லை, சொந்த ஜீப்பைச் சொந்த வாசலில் வைத்து நிமிர்த்துவதாகச் செல்லசாமி சிங்களத்தில் விளக்கினார். உத்தியோகத்தர் படிவத்தை எடுத்தார். அதில் புதிதாக வளைவு போடுவதற்கு இடம் இருந்தது, எடுப்பதற்கு இடம் இல்லை. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படவும் இல்லை.

ஆடி முடிகிற வாரத்தில் பதினாறு வளைவுகள் போய்விட்டன. மிஞ்சியது ஒன்பதாம் வளைவும் ஒரு நூலும். அன்று பின்னேரம் மீனம்மா ஏறி வந்தார். ஒன்பதாம் வளைவின் முழங்கையில் பத்தொன்பது வருடமாகத் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர் அவர்.

"அண்ணே, அத மட்டும் விட்டுருங்க," என்றார். "வளைவு போச்சுன்னா ரோடு அந்தப் பக்கம் நேரா போயிரும். என் கடை தேயிலைக்குள்ள நிக்கும். கொழுந்துக்கா டீ ஊத்துறது?"

"வாந்தி எடுக்கிறவங்கள நம்பியா கடை வச்சிருக்க?"

"பின்ன? இந்தத் தோட்டத்துச் சனம் காசு குடுத்து டீ குடிக்குமா? தலை சுத்துனவங்கதான் எறங்குவாங்க. எலுமிச்சங்காய், இஞ்சி பிளேன்டீ, பின்னால ஒரு வாளித் தண்ணி. அவ்வளவுதான் என் வியாபாரம்."

மதகில் மோதிய அன்று முதலில் ஓடி வந்து நாகலெட்சுமியின் தலையைப் பிடித்துக்கொண்டவர் மீனம்மாதான். செல்லசாமி சங்கிலியைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். பிரேமினி மூன்று வேளை அப்பாவோடு பேசவில்லை. நான்காம் வேளை சோற்றை வைத்துவிட்டு, "ஒரு நூலுக்காக என் கல்யாணம் நின்னா, அந்தக் கடைக்கே என்னையும் டீ ஊத்த அனுப்பிருங்கப்பா," என்றாள். ஒரே ஒரு வளைவுதானே, சம்பந்தி தாங்கிக்கொள்வார் என்று அவர் சொன்னார். சொன்னபோது அவருக்கே நம்பிக்கை இல்லை.

ஆவணி முதல் முகூர்த்தம் காலை பத்தரை வரை. மேல்கூட்டை மறுபடி ஏற்றிய ஜீப்பைச் செல்லசாமி ஓட்டினார். நாகலெட்சுமி மடியில் பூத்தட்டோடு முன்சீட்டில் இருந்தார், பிரதாப் பின்னால். ஒரு நூல் குறை இருந்ததால் ஜீப் லேசாக இடது பக்கம் இழுத்தது, அதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாதை தறியிலிருந்து இறக்கிய சேலைபோல நேராகக் கிடந்தது. நாகலெட்சுமி கினிகத்தேனையில் தொடங்கிய மருமகள்மார் பற்றிய பேச்சை நிறுத்தாமல் வந்தார். அதனால்தான் வளைவை எதிர்பார்க்கவில்லை. மீனம்மா எலுமிச்சங்காயோடு நடுரோட்டில் காத்திருந்தும் பயனில்லை. பத்து மணி பத்து நிமிடத்துக்கு, வாந்தி எடுத்துச் சோர்ந்த நாகலெட்சுமியைக் கைத்தாங்கலாக இறக்கிக் கடை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வீடு இன்னும் இரண்டு கிலோமீட்டர் மேலே இருந்தது.

"இதுக்கு மேல ஒரு எட்டு வைக்க முடியாது," என்றார் நாகலெட்சுமி, கண்ணை மூடியபடி.

"இங்கயே பொண்ணக் கூட்டிட்டு வந்து பூவ வச்சிருவோமாம்மா?" என்றான் பிரதாப்.

"டீக்கடையில வச்சா அது பூ வச்சதாகுமாடா? பொண்ணு வீட்டு நெலைப்படி மிதிக்கணும். தூக்கிட்டுப் போறேன்னு சொல்லாத, அந்த வளைவுலதானே தூக்கிட்டுப் போகணும்."

மீனம்மா கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

"அண்ணே, இழுத்துருங்க," என்றார். "போனா கடைதானே. அந்தப் புள்ளைக்கு அம்மாவும் இல்ல. நான் பெரட்டுல பேர் குடுத்துக் கொழுந்து எடுத்துக்கிறேன்."

செல்லசாமி ஜீப்பின் பின் பக்கம் போய்ச் சங்கிலியை எடுத்தார். கடைக்குப் பக்கத்திலும் கரும்பாறை ஒன்று இருந்தது. வாசல் பாறையும் அதுவும் ஒரே மலைதான். ஒரு முனையை அதில் சுற்றி, மறுமுனையைச் சட்டத்தின் இடது முன்கொக்கியில் மாட்டி, பின்கியரில் போட்டு மெதுவாக இழுத்தார். காய்ச்சாத இரும்பு எளிதில் மசியவில்லை. ஆகவே கொஞ்சம் வேகமாக இழுத்தார். சட்டம் ஒரு தடவை முனகியது. ஒன்பதாம் வளைவு, இஸ்திரிப் பெட்டி பட்ட மடிப்பைப் போல் போய்விட்டது.

ஆனால் அவர் கயிறு பிடித்து அளந்து இழுக்கவில்லை. ஒரு நூல் தேவைப்பட்ட இடத்தில் நான்கு நூல் வந்துவிட்டது. எடுக்க வளைவு இல்லாததால் மிச்ச மூன்று நூலும் தூரத்தில் கழிந்தது. மேல்கணக்கு லயம் இருபத்து நான்கு வீடும், கோழிக்கூடுகளும், துணி காய்ந்த கொடிகளும், பாடசாலையும் அப்படியே கீழே வந்து, கடையைத் தேயிலைக்குப் போக விடாமல் அதற்கு எதிரே நின்றன. அடுப்பில் இருந்த பாயாசம் தளும்பவில்லை. செல்லசாமி வீட்டு நிலைப்படி நாகலெட்சுமியின் பெஞ்சிலிருந்து இரண்டடி தூரத்தில் இருந்தது. வாசலில் நின்ற பிரேமினி எல்லோரையும் பார்த்துவிட்டு, சங்கிலிக் கறை சேலையில் படும், கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னாள்.

நாகலெட்சுமி கண்ணைத் திறந்தார். படியைப் பார்த்தார். "படி கொஞ்சம் ஒசரமாத்தான் இருக்கு," என்றார். பிறகு எழுந்து, வலது காலை வைத்து உள்ளே போய், பத்து இருபத்தைந்துக்குப் பூ வைத்தார்.

அன்று பின்னேரம் லயத்துச் சனங்கள் கடைக்கு வந்து, புது இடத்தில் எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது என்று மீனம்மாவிடம் விசாரித்தார்கள். அப்படியே டீயும் குடித்தார்கள். இருபத்து நான்கு வீட்டு வியாபாரம் எதிரிலேயே வந்துவிட்டது. தலை சுற்றாமல் வருகிறவர்கள் அதிகம் பேசுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஒரே குறை. கண்டாக்கு பெரட்டைப் புது இடத்துக்கு மாற்றினார். இக்னேசியஸ் ஆறு நாற்பது பஸ்ஸை ஏழு மணிக்கு எடுக்கத் தொடங்கினார். ஜீப் இப்போது லேசாக வலது பக்கம் இழுக்கிறது. அதை யாரும் சரிசெய்யச் சொல்லவில்லை.

பூ வைத்து முடிந்து இஞ்சி பிளேன்டீ குடிக்கும்போது, கினிகத்தேனையிலிருந்து இங்கே வர இனி எவ்வளவு நேரம் ஆகும் என்று நாகலெட்சுமி கேட்டார். முக்கால் மணித்தியாலம், தலையும் சுற்றாது என்று பிரதாப் பெருமையோடு சொன்னான்.

"அப்ப கல்யாணத்துக்குப் பொறகு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்துட்டுப் போறேன் சம்பந்தி," என்றார் அவர்.

கல்யாணம் தையில் நடந்தது. மாசியிலிருந்து பிரேமினி டீச்சர் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு வைக்கிறார். காலை எட்டு மணிக்குத் தொடங்கி, கினிகத்தேனை போகும் கடைசி பஸ் புறப்படும் வரை நடக்கிறது.